வேபரின் பேஸ்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தின் கடைசி ஞாயிறு மாலையில் திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஏழெட்டுப் பேர் கூடி இசை கேட்கிறோம். பழைய அம்ப்ளிஃபயர் ஒன்று, பெரிய ஸ்பீக்கர் பெட்டி இரண்டு, பிளேன்டீ, கச்சான். நான் இருபத்தெட்டு வருடம் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்தவள். இசையை முறைப்படி கற்கவில்லை, கேட்டுக் கேட்டுத்தான் பழகினேன். ஜெர்மன் பேஸ் கலைஞர் எபர்ஹார்ட் வேபரின் இசைத்தட்டைப் போடும் ஒவ்வொரு முறையும் புதிதாக வருபவர்கள் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். வேபர் பற்றிய கேள்வி அரை மணி நேரத்தில் "இது ஜாஸ்தானா?" என்ற வாக்குவாதமாக மாறிவிடும். கேட்டவர்களின் வாய்ச்சொல்லை மாற்றாமல் கேள்விகளை எழுதி, என் பதில்களையும் சேர்த்திருக்கிறேன்.

ஆர் டீச்சர் இந்த வேபர்? நாங்கள் பேர் கூடக் கேள்விப்படல்லயே.

எபர்ஹார்ட் வேபர் 1940 ஜனவரியில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் பிறந்தவர். தகப்பன் செல்லோ சொல்லிக்கொடுத்தார், ஆறு வயதில் தொடக்கம். பதினாறு வயதில் பேஸுக்கு மாறினார். முப்பது வயதைத் தாண்டும்வரை இசை அவருக்கு முழுநேரத் தொழில் இல்லை. ஒளிப்படம், தொலைக்காட்சி என்று வேறு வேலைகள் பார்த்துக்கொண்டே வாசித்தார். 1973 டிசம்பரில் 'த கலர்ஸ் ஆஃப் க்ளோயி' என்ற தன் முதல் தட்டைப் பதிவுசெய்தார். மியூனிக்கில் மான்ஃப்ரெட் ஐஹெர் 1969இல் தொடங்கிய ஈசிஎம் என்ற இசைத்தட்டு நிறுவனம் அதை வெளியிட்டது. ஐஹெரும் பேஸ் வாசித்தவர்தான். தட்டின் அட்டை ஓவியம் வேபரின் மனைவி மாயா வரைந்தது.

எனக்கு அவரைத் தெரிய வந்தது ஸ்டுட்கார்ட் வழியாகத்தான். அண்ணன் அங்கே போய்க் குடியேறி, தொண்ணூறுகளில் அனுப்பிய ஒரு பார்சலில் சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் ஒரு கசெட் வைத்திருந்தார். "எங்கட ஊர் ஆள்" என்று பச்சை மையில் எழுதியிருந்தார். அவருக்கு அப்போதே ஸ்டுட்கார்ட் எங்கட ஊராகிவிட்டது என்று அம்மா அன்று அழுதது இன்னும் நினைவிருக்கிறது. மின்சாரமில்லாத ஓர் இரவில் பற்றரியில் போட்டுக் கேட்டோம். அன்றிலிருந்து விடவில்லை.

பேஸ் எண்டா கிட்டாரா, பெரிய வயலினா?

இரண்டுமே உண்டு. ஜாஸில் காலங்காலமாக இருப்பது ஆள் உயரத்துக்கும் மேலான, நிற்க வைத்து வாசிக்கும் மரப் பேஸ். வயலின் குடும்பத்துத் தோற்றம், ஆனால் ஜாஸில் பெரும்பாலும் வில் போடாமல் விரலால் மீட்டுவார்கள். நாலு தந்தி. நீங்கள் இளையராஜா பாட்டுகளில் ரசிக்கும் பேஸ் பெரும்பாலும் மின் பேஸ் கிட்டார். சுருதி ஒழுங்கு இரண்டுக்கும் ஒன்றுதான், தொனி வேறு.

வேபரின் வாத்தியம் இரண்டுக்கும் இடைப்பட்டது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவருடைய இசையில் பாதி அந்த வாத்தியத்துக்குள் இருக்கிறது.

ஃபோன்ல போட்டுப் பாத்தன் டீச்சர். பேஸ் கேக்கவே இல்ல, பியானோ மட்டும்தான் கேக்குது.

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காது, தம்பி. பேஸின் அடித் தந்தி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. உங்கள் ஃபோனில் இருப்பது விரல் நகம் அளவு ஸ்பீக்கர். சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே போகும் ஒலியைத் தள்ள அதற்குப் போதுமான காற்றே இல்லை. கீழ்த் தந்தி ஒலிக்கும்போது உங்களுக்குக் கேட்பது அந்த ஸ்வரத்தின் மேல் இசையங்கள், அதாவது அதனோடு சேர்ந்து எழும் உயர்ந்த அதிர்வுகள் மட்டும். அதை வைத்துக்கொண்டு மூளை அடி ஸ்வரத்தை ஊகித்து நிரப்புகிறது. அதனால் மெட்டு ஒருவாறு பிடிபடும், உடம்பில் படாது.

காதுக்குள் வைக்கும் சாதாரண இயர்ஃபோனே போதும். இருட்டில், கண்ணை மூடி. பெட்டி ஸ்பீக்கர் இருந்தால் அறை மூலைக்குக் கொஞ்சம் கிட்டத் தள்ளி வையுங்கள், கீழ் ஒலி கூடும். சுவரோடு ஒட்டிவிட்டால் இரைச்சலாகிவிடும்.

எதிலயிருந்து தொடங்கிறது?

1975இல் பதிவான 'யெல்லோ ஃபீல்ட்ஸ்'. முதல் உருப்படி 'டச்', ஐந்து நிமிடம். பிடித்தால் முழுத் தட்டையும் கேளுங்கள், பிடிக்காவிட்டால் ஒரு மாதம் விட்டு மறுபடி. பிறகு 'க்ளோயி'. அதற்குப் பிறகு 1976இல் ட்ரம்ஸே இல்லாமல் செய்த 'த ஃபாலோயிங் மோர்னிங்'. கடைசியில் சொன்னதை முதலில் கேட்டவர்கள் பலர் திரும்பி வரவில்லை. அதனால் இந்த வரிசையை வலியுறுத்துகிறேன்.

சொல்லும் இல்ல, பாட்டும் இல்ல. நான் எதைக் கேக்கிறது அக்கா?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், கொஞ்சம் வெட்கத்தோடு. வெட்கப்பட ஒன்றுமில்லை. நாங்கள் பாட்டை வரியால் பிடித்து வளர்ந்தவர்கள். ஆனால் நீங்கள் சொல்லில்லாத இசையைக் கேட்காதவர்களும் இல்லை. கோயில் வீதியில் நாதஸ்வரக்காரர் ராக ஆலாபனை செய்யும்போது அங்கே சொல் எங்கே இருக்கிறது? தோடியைக் கால் மணி நேரம் விரிப்பார், நீங்கள் மணலில் இருந்து கேட்பீர்கள். அதே காதைத்தான் இங்கேயும் கொண்டுவர வேண்டும்.

வேபரில் முதலில் பிடிக்க வேண்டியது சுழற்சி. பியானோவோ பேஸோ ஒரு சின்னச் சொற்கட்டு மாதிரியான ஸ்வரக் கோர்வையைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். முதல் ஒரு நிமிடம் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். மூன்றாம் நிமிடத்தில் அதன்மேல் இன்னொன்று வந்து படிந்திருக்கும், எப்போது வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. உட்துறைமுகத்தில் நீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியாது, படிக்கட்டில் ஒரு படி காணாமல் போன பிறகுதான் தெரியும். அப்படித்தான் இந்தக் கட்டுமானம்.

இரண்டாவது, இடைவெளி. ஒரு ஸ்வரத்தை மீட்டிவிட்டு அடுத்ததற்கு அவர் அவசரப்படுவதில்லை. முதல் ஸ்வரம் அடங்கி முடியும்வரை நீங்களும் பொறுங்கள். பேஸ் என்றால் பின்னால் நின்று தாங்கும் வேலை என்று நினைப்போம். இவர் அங்கே நின்றபடியே பாடுகிறார். கீழே என்ன நடக்கிறது என்று கேட்கப் பழகிவிட்டால் மேலே நடப்பது தானாக விளங்கும்.

அது ஏன் டீச்சர் அந்தப் பேஸ் அழுற மாதிரி இழுக்குது?

சாதாரண மரப் பேஸை விரலால் மீட்டினால் 'தும்' என்று எழும்பிச் சீக்கிரம் அடங்கிவிடும். பெரிய மர உடம்பு அந்தச் சக்தியை விரைவாக ஒலியாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் வேபர் தனக்கென ஒரு நிமிர்ந்த மின் பேஸ் செய்வித்தார். உடம்பு மிகச் சிறியது, ஒலியைப் பிக்கப் எனப்படும், அதிர்வை மின்சாரமாக்கும் கருவி வழியாக எடுத்து அம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது. தந்தியின் சக்தி அவ்வளவு வேகமாக வெளியேறாததால் ஸ்வரம் நீண்டு நிற்கிறது. மீட்டிய ஸ்வரம் வில் போட்டது போலத் தொடரும்.

இன்னொன்று, அதில் ஐந்தாவது தந்தி உண்டு. வழக்கமான நாலுக்கு மேலே உயர்ந்த 'சி' ஸ்வரம். செல்லோவில் தொடங்கியவருக்கு அந்த உயரம் வேண்டியிருந்தது என்று நான் நினைக்கிறேன். அங்கே ஏறினால் பேஸ் செல்லோவாகிவிடும். விரல் பலகையில் கட்டையும் கிடையாது, அதனால் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டே போகலாம். நாங்கள் ஜாரு என்கிறோமே, அதுதான். ஸ்வரம் நீண்டு நிற்கும்போது வழுக்கினால் தொண்டை மாதிரிக் கேட்கும். அழுகை என்று நீங்கள் சொன்னது அதைத்தான்.

தனிக் கச்சேரிகளில் எதிரொலிக் கருவி வைத்துக்கொண்டு, தான் இப்போது வாசித்ததைத் திரும்ப ஒலிக்கவிட்டு அதன்மேல் தானே வாசிப்பார். ஒருவர் நாலு பேராவது இப்படித்தான்.

நாதஸ்வரம் வாசிச்ச ஒரு வெள்ளைக்காரன் இவரோட இருந்தவராமே, உண்மையா?

உண்மை. 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' அட்டையில் சார்லி மரியானோவின் பெயருக்கு நேரே சொப்ரானோ சாக்ஸபோன், ஷெனாய், நாகஸ்வரம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதைக் கையில் வைத்துக் காட்டும்போதெல்லாம் விறாந்தையில் ஒரு சத்தம் எழும்.

மரியானோ 1923இல் பொஸ்டனில் பிறந்த அமெரிக்கர். அறுபதுகளில் மலேசியாவில் வேலை செய்த காலத்தில் நாதஸ்வரம் அவர் காதில் விழுந்தது. பிறகு தென்னிந்தியாவுக்கே வந்து கற்றார். எண்பதுகளில் பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஒஃப் பெர்கஷன் குழுவோடும், அதில் பாடிய ஆர். ஏ. ராமமணியோடும் சேர்ந்து ஒரு தட்டு செய்தார். 2009இல் ஜெர்மனியில் காலமானார். அவர் ஊதுவது எங்கள் ஆட்களின் வாசிப்பு இல்லை. எங்கள் வித்துவான்களின் பிர்காவை எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். சாக்ஸபோன்காரரின் மூச்சு சீவாளிக்குள் போனால் என்ன வரும் என்பதைத்தான் கேட்கிறீர்கள். எனக்கு அது போதுமானதாகவும், சில இடங்களில் மயிர்க்கூச்செறிவதாகவும் இருக்கிறது. எங்களோடு வந்திருக்கும் ஒரு தவில்காரப் பெரியவர் மட்டும் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. "சீவாளி சரியாப் பதமில்ல" என்பது அவர் தீர்ப்பு.

மரியானோ பற்றி இன்னொரு விஷயம் மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும். 1963இல் சார்ல்ஸ் மிங்கஸ் என்ற பெரும் பேஸ் மேதையின் குழுவில் சாக்ஸபோன் வாசித்தவர் இவர்.

குறை நினைக்காதீங்க, எனக்கு இது நித்திரை வரப் பண்ற இசை மாதிரித்தான் இருக்கு.

நித்திரை வந்தால் கொள்ளுங்கள், அதில் பிழையில்லை. ஆனால் மசாஜ் நிலையங்களிலும் உப்புவெளி ஹோட்டல் வரவேற்பறைகளிலும் ஓடுகிறதே, அந்த வகையோடு இதைச் சேர்க்க நான் விடமாட்டேன். அந்த இசை நீங்கள் கவனிக்கக்கூடாது என்றே செய்யப்பட்டது. இதில் நீங்கள் கவனித்தால் பரிசு உண்டு. 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' தட்டில் ட்ரம்ஸ் வாசிக்கும் யோன் கிறிஸ்டென்சென்னின் சிம்பல் எங்கே விழுகிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் விழாது. மெல்லிய சத்தம் என்பதால் உள்ளே வேலை குறைவு என்று அர்த்தமில்லை.

ஜாஸ் எண்டா என்ன? ஒரு வரியில சொல்லுங்க.

ஒரு வரியில் சொல்ல முடியாது, ஆனால் தொடங்கிய இடத்தைச் சொல்ல முடியும். அமெரிக்காவின் தெற்கே நியூ ஓர்லியன்ஸ் துறைமுக நகரில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள் உருவாக்கிய இசை. வேலைப் பாட்டு, தேவாலயப் பாட்டு, ப்ளூஸ் என்ற துயரப் பாட்டு, ராக்டைம் என்ற பியானோ இசை, ஊர்வலப் பேண்டு எல்லாம் அதற்குள் போயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு ஓர் உருவம் வந்தது.

வழக்கமாகச் சொல்லப்படும் அடையாளங்கள் மூன்று. ஒன்று, ஸ்விங்: தாளத்தைச் சமமாக வெட்டாமல் முதற்பாதியை நீட்டி மறுபாதியைக் குறுக்கி, சாய்ந்து நடப்பது போன்ற நடை. இரண்டு, ப்ளூஸின் சாயல், அதாவது சில ஸ்வரங்களைக் கொஞ்சம் இறக்கி வளைத்துப் பாடும் வழக்கம். மூன்று, அங்கேயே அப்போதே கற்பனை செய்து வாசித்தல். சண்டை எல்லாம் இந்த மூன்றில் எது கட்டாயம் என்பதில்தான்.

ஸ்விங் இல்லாட்டி அது ஜாஸே இல்ல எண்டு என்ட மகன் அடிச்சுச் சொல்றான்.

உங்கள் மகன் தனியாள் இல்லை. நியூ ஓர்லியன்ஸைச் சேர்ந்த ட்ரம்பெட் கலைஞர் விண்டன் மார்ஸாலிஸ் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் ஜாஸுக்கென்று ஒரு பெரிய நிறுவனத்தைக் கட்டியெழுப்பியவர். ஸ்விங்கும் ப்ளூஸும் ஜாஸின் உயிர் என்பது அவருடைய உறுதியான நிலைப்பாடு. அந்தக் கட்சி பலமானது, மதிக்க வேண்டியது. அளவுகோல் இல்லாவிட்டால் எதையும் ஜாஸ் என்று விற்கலாம், உண்மையில் விற்கிறார்கள்.

அந்த அளவுகோலை வைத்தால் வேபர் பெரும்பாலும் வெளியே நிற்பார். பேஸ் ஜாஸில் வழக்கமாகச் செய்வது 'வோக்கிங்' எனப்படும் நடை, ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஸ்வரம், நாலு நாலாக. வேபரின் சொந்தத் தட்டுகளில் அது அருமை. ஆனால் அதே அளவுகோல் இன்னும் சிலரையும் வெளியே தள்ளும். ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் 1969இல் 'இன் எ சைலண்ட் வே' தட்டைச் செய்தபோது ஸ்விங்கைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் மைல்ஸை ஜாஸிலிருந்து எடுத்துவிடலாமா என்று உங்கள் மகனிடம் கேளுங்கள். அவன் யோசிப்பான்.

என் நிலைப்பாடு இதுதான். ஒருவர் அடுத்து என்ன வாசிப்பார் என்பது மற்றவருக்குத் தெரியாமல், தெரியாததாலேயே கூர்ந்து கேட்டு, பதில் வைத்துப் போனால் அது ஜாஸின் நடுவீடு. ஸ்விங் அந்த வீட்டின் மிக அழகான அறை, ஆனால் ஒரே அறை இல்லை. 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' தட்டில் ரைனர் ப்ரூனிங்ஹவுஸின் கீபோர்டும் மரியானோவும் ஒருவரையொருவர் கேட்பதை மூன்று தரம் கேட்டுவிட்டு என்னோடு வாதாட வாருங்கள். 1963இல் மிங்கஸோடு வாசித்தபோது ஜாஸ்காரராக இருந்த மரியானோ, பன்னிரண்டு வருடம் கழித்து அதே மூச்சோடு வேபருக்குப் பக்கத்தில் நிற்கும்போது எப்படி வேறு ஆளாவார்?

கறுப்பு மக்களின்ட இசையை ஐரோப்பாக்காரர் எடுத்து, ப்ளூஸைக் கழுவி விட்டிட்டு, அதே பேரில வித்தது எண்டுதானே அர்த்தம்?

இதைக் கேட்டது பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பிள்ளை. இந்தப் பக்கத்திலேயே கடினமான கேள்வி இது, இதை லேசாகத் தட்டிவிடக்கூடாது.

பேரை எடுத்து விற்ற கதை ஜாஸின் முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது. ஜாஸ் என்ற பேரோடு முதல் இசைத்தட்டு 1917இல் வந்தது. வாசித்தவர்கள் வெள்ளையர்கள். கறுப்புக் கலைஞர்களான கிங் ஒலிவரும் அவர் குழுவில் இளைஞராக இருந்த லூயிஸ் ஆர்ம்ஸ்ட்ரோங்கும் பதிவுசெய்தது 1923இல். பெரும் ஜாஸ் குழுவின் தலைவரான டியூக் எலிங்டனுக்கு அந்தச் சொல்லில் நம்பிக்கை இருக்கவில்லை, மைல்ஸ் டேவிஸ், ட்ரம்ஸ் கலைஞர் மாக்ஸ் ரோச் போன்றவர்கள் அதை வெறுத்தார்கள். 2011இல் நியூ ஓர்லியன்ஸ் ட்ரம்பெட் கலைஞர் நிக்கலஸ் பேட்டன் ஜாஸ் என்ற சொல்லையே விட்டுவிட்டு 'கறுப்பு அமெரிக்க இசை' என்போம் என்றார். யாருடைய உழைப்பில் பிறந்தது என்பதைப் பேரிலேயே வைக்க வேண்டும் என்ற அந்தக் கோரிக்கை எனக்கு நியாயமாகப் படுகிறது. பேர் மாற்றி எழுதப்பட்ட ஊர்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது விளங்காமல் போகாது.

அதே நேரம் வேபர் ப்ளூஸ் வாசிப்பதுபோல் நடிக்கவில்லை. தனக்குத் தெரிந்த செல்லோ, தேவாலய இசை, ஐரோப்பிய வாத்தியக் குழு ஆகியவற்றிலிருந்து எடுத்தார். ஜாஸிடமிருந்து அவர் எடுத்தது ஒரு பழக்கம்: சேர்ந்திருந்து, கேட்டு, அங்கேயே உண்டாக்குவது. கடன் கடன்தான். எலிங்டனின் குழுவில் 1939 முதல் 1941 வரை வாசித்த ஜிம்மி ப்ளான்டன் பேஸை மெட்டு பாடவைத்திராவிட்டால் வேபர் என்ற ஒருவர் இல்லை. அதனால் நான் வேபர் போடும் மாலைகளில் ப்ளான்டனை முதலில் போடுகிறேன். கடனை ஒப்புக்கொள்ளும் வழி எனக்கு வேறு தெரியவில்லை.

அப்ப எங்கட தவில் சமாவும் ஜாஸ் தானே? அவங்களும் அங்கயே நிண்டுதானே கற்பனை செய்றாங்க?

நான் மேலே சொன்ன அளவுகோலை வைத்து என்னையே மடக்கும் கேள்வி. இரண்டு தவில் எதிரெதிரே நின்று ஒருவர் விட்டதை மற்றவர் பிடிக்கும்போது நடப்பது ஜாஸில் நடப்பதற்கு உடன்பிறப்பு என்பதில் சந்தேகமில்லை. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் பதிவைக் கேட்ட எந்த ஜாஸ் ட்ரம்ஸ்காரரும் எழுந்து நின்றுவிடுவார். கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் ஏலேலோ போடும் அம்பாப் பாட்டும், அமெரிக்க வயல்களில் அடிமைகள் பாடிய வேலைப் பாட்டும் ஒரே மாதிரிக் கேள்வியும் பதிலுமாகத்தான் போகும்.

ஆனால் தவில் சமாவை ஜாஸ் என்று சொல்லமாட்டேன். அதற்குச் சொந்தப் பேரும், சொந்தப் பரம்பரையும், சொந்தத் தாளக் கணக்கும் இருக்கின்றன. ஜாஸ் என்றால் அதற்குப் பெருமை கூடுகிறது என்று நினைப்பதுதான் பிழை. அதனால் என் அளவுகோலைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். சேர்ந்து கேட்டு உண்டாக்குவது மட்டும் போதாது. முந்தைய கேள்வியில் சொன்ன அந்தக் கறுப்பு அமெரிக்கப் பரம்பரையிடமிருந்து அதைக் கற்றிருக்கவும் வேண்டும். ப்ளான்டன் வழி வந்த வேபர் உள்ளே வருவார். தட்சிணாமூர்த்திக்கு உள்ளே வரத் தேவையே இல்லை.

இலங்கைக்கு ஜாஸ் வந்ததா?

வந்தது. பியானோ கலைஞர் டேவ் ப்ரூபெக் 1958இலும் டியூக் எலிங்டன் 1963இலும் அமெரிக்க அரசாங்கம் அனுப்பிய சுற்றுப் பயணங்களில் இங்கே வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். பனிப்போர்க் காலத்து ராஜதந்திரம். ஆனால் வந்த இசை நல்லதுதானே.

க்ளோயி தட்டில ஒரு கூட்டமே செல்லோ வாசிக்குது. அதெல்லாம் எழுதி வைச்சதுதானே, பிறகெப்படி ஜாஸ்?

எழுதி வைத்ததுதான். ஸ்டுட்கார்ட் வானொலி இசைக்குழுவின் செல்லோக்காரர்கள் வாசித்தார்கள். எலிங்டனும் எழுதி வைத்துத்தான் வாசிப்பித்தார். எழுதியதற்கு நடுவில் எழுதாத இடம் எவ்வளவு, அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

கேட் புஷ் என்ற பொப் பாடகியோட வாசிச்சவர் எண்டும் சொல்றாங்க. அப்ப அவர் பொப்காரரா?

1982 முதல் கேட் புஷ்ஷின் பல தட்டுகளில் வேபரின் பேஸ் இருக்கிறது. 1985இல் வந்த தட்டில் 'மதர் ஸ்டேண்ட்ஸ் ஃபோர் கம்ஃபர்ட்' பாட்டைக் கேளுங்கள், குரலுக்குக் கீழே இரண்டாவது குரல் மாதிரிப் பேஸ் பாடுகிறது. அது ஜாஸ் இல்லை, பொப் பாட்டுத்தான். ஆனால் வாசிப்பது வேபர் என்று முதல் இரண்டு ஸ்வரத்திலேயே பிடிபடும். இசையின் வகையைச் சொல்ல எங்களுக்கு ஒரு மாலை தேவைப்படுகிறது, ஆளைச் சொல்ல இரண்டு செக்கன் போதும். ஜாஸில் மிகப் பெரிய பாராட்டு அதுதான்.

தனியா ஸ்டுடியோவில இருந்து தன்ட பேஸையே அடுக்கி அடுக்கிச் செய்த தட்டும் இருக்கே. அங்க ஆர் ஆரைக் கேக்கிறது?

1993இல் வந்த 'பெண்டுலம்'. இதில் நான் தடுமாறுகிறேன். என் அளவுகோலில் இன்னொரு ஆள் வேண்டும், அங்கே ஆளில்லை. முதலில் வாசித்த வேபருக்கு அடுத்த வேபர் பதில் சொல்கிறார், ஆனால் முதல் வேபரால் மனம் மாற முடியாது. அதை ஜாஸ் என்று நான் சொல்வதில்லை. இங்கே அதிகமாகத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்கப்படும் தட்டும் அதுதான். அதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

பக்கவாதம் வந்து வாசிக்க ஏலாமல் போன பிறகு ரெண்டு தட்டு வந்ததே. அதையாவது ஜாஸ் எண்டு சொல்வீங்களா?

2007இல் நோர்வே சாக்ஸபோன் கலைஞர் யான் கார்பரெக்கின் குழுவோடு சுற்றுப்பயணத்தில் இருந்தபோது வேபருக்குப் பக்கவாதம் வந்தது. அந்தக் குழுவில் அவர் எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து இருந்தவர். இடது பக்கம் பாதிக்கப்பட்டது. பேஸில் ஸ்வரம் பிடிப்பது இடது கை. அதற்குப் பிறகு அவர் வாசிக்கவில்லை.

அந்தக் குழுவின் கச்சேரிகளில் ஒவ்வோர் இரவும் அவருக்கென்று ஒரு தனி இடம் இருந்தது. இரவுக்கு இரவு வேறு கற்பனை, அவை பதிவாகியும் இருந்தன. 1990 முதல் 2007 வரையான அந்தத் தனி வாசிப்புகளை எடுத்து, வெட்டிச் சேர்த்து, கீபோர்டு சேர்த்து, 2012இல் 'ரெஸ்யூமே', 2015இல் 'என்கோர்' என்று இரண்டு தட்டு செய்தார். உருப்படிகளுக்கு அவை வாசிக்கப்பட்ட ஊர்களின் பேரே வைத்தார்: கார்ல்ஸ்ரூஹெ, ஆம்ஸ்டர்டாம், பாத். 'என்கோர்' தட்டில், ட்ரம்பெட் போன்ற ஃப்ளூகல்ஹோர்ன் ஊதுபவர் ஆக் வான் ரோயன், 1973இல் 'க்ளோயி'யில் ஊதிய அதே மனிதர். எண்பதைத் தாண்டிய ஒருவர், தன் நண்பன் எப்போதோ ஒரு ஊரில் வாசித்த பேஸைக் கேட்டுக்கொண்டு இப்போது பதில் ஊதுகிறார். 2015 ஜனவரியில் ஸ்டுட்கார்ட்டில் வேபருக்காக நடந்த கச்சேரிகளில் அமெரிக்க கிட்டார் கலைஞர் பேட் மெத்தேனி இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். வேபர் முன்பு வாசித்த காணொளித் துண்டுகளைத் திரையில் ஓடவிட்டு, அதைச் சுற்றி அரை மணி நேர உருப்படி ஒன்றை எழுதி, பெரிய இசைக்குழுவோடு வாசித்தார்.

'பெண்டுலம்' பற்றி நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, இங்கேயும் முதல் ஆளால் மனம் மாற முடியாதே என்று நீங்கள் கேட்கலாம். கேட்டார்கள். நானும் பதிலில்லாமல் இருந்தேன். போன மாதம் 'என்கோர்' போட்டபோது அந்தத் தவில்காரப் பெரியவர், மரியானோவின் சீவாளியை இன்னும் மன்னிக்காதவர், இரண்டாவது உருப்படியில் தொடையில் விரலால் தட்டத் தொடங்கினார். வேபர் இடைவெளி விடும் இடங்களில் மட்டும் தட்டினார், ஃப்ளூகல்ஹோர்ன் நுழையும்போது நிறுத்தினார். முடிந்ததும், "ஆள் இடம் விட்டுத்தானே வாசிச்சிருக்கிறார் பிள்ளை, திரும்பப் போடுங்க" என்றார். திரும்பப் போட்டேன்.